உள்நாட்டு மீனவரும் சிறு படகும்: விலையா, செலவா?

நாடு விடுதலை பெற்றபின் எழுப்பப்பட்ட அணைகள் பாசனத்தையும் மின்சாரத்தையும் மட்டும் தரவில்லை. அவற்றின் பின்னே தேங்கிய நீர், புதியதொரு மீன்பிடி நிலப்பரப்பையும் உருவாக்கியது. 1995 இல் வெளியான ஒரு விரிவான மதிப்பீட்டின்படி, இந்திய நீர்த்தேக்கங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 31.5 இலட்சம் ஹெக்டேர். இதில் 1,000 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு நீர்த்தேக்கங்கள் மட்டும் 19,000க்கு மேற்பட்டவை. நடுத்தர நீர்த்தேக்கங்கள் 180. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரிய நீர்த்தேக்கங்கள் 56.

மீன் உற்பத்தியிலும் இம்மாற்றத்தின் சாயல் தெரிகிறது. 1950-51 இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி ஏறத்தாழ 7.5 இலட்சம் டன். அதில் கடல் மீனே பெரும்பங்கு வகித்தது. உள்நாட்டு மீன் 2.2 இலட்சம் டன்னுக்கு மேற்படவில்லை. 2022-23 இல் மொத்த உற்பத்தி 175 இலட்சம் டன்னை எட்டியபோது, உள்நாட்டு மீன் 131 இலட்சம் டன்னாக இருந்தது. நான்கில் மூன்று பங்கு இப்போது நன்னீரிலிருந்தும் உவர்நீர்ப் பண்ணைகளிலிருந்தும் கிடைக்கிறது.

ஆயினும் இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி குளங்களிலும் பண்ணைகளிலும் நிகழ்ந்ததாகும். 1973-74 இல் தொடங்கிய மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகளும் குளத்து மீன் வளர்ப்பையே முதன்மையாகக் கருதின. ஆற்றிலும் ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் வலை வீசிப் பிழைக்கும் மீனவரின் வருவாய் அதே வேகத்தில் உயரவில்லை. மேற்கூறிய மதிப்பீட்டின்படி, ஹெக்டேர் ஒன்றுக்கு ஆண்டு விளைச்சல் சிறு நீர்த்தேக்கங்களில் ஏறத்தாழ 50 கிலோவாகவும், பெரிய நீர்த்தேக்கங்களில் 11 கிலோ அளவிலும் இருந்தது. குஞ்சு இருப்பு, வலையின் தரம், சந்தை வசதி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று படகு.

படகு இல்லாதவர் நிலை

நீர்த்தேக்கத்தில் பெரும்பாலும் பயன்படுவது செவுள் வலை. மாலையில் வலையை நீரில் விரித்து வைத்து, விடியற்காலையில் எடுப்பது வழக்கம். ஆகவே கரையில் நின்று மீன் பிடிப்பவரை விட, நீரின் நடுப்பகுதிக்குச் செல்லக்கூடியவருக்கே நல்ல மீன் கிடைக்கும். படகில்லாதவருக்கு மூன்று வழிகளே உண்டு. ஒன்று, பிறர் படகில் உடன் செல்வது. இரண்டு, படகை வாடகைக்கு எடுப்பது. மூன்று, காற்றடைத்த டயர் குழாய் மீதோ, தெர்மோகோல் பலகைகளைக் கட்டிய மிதவை மீதோ அமர்ந்து செல்வது.

முதல் இரண்டு வழிகளிலும் பிடித்த மீனில் ஒரு பங்கு படகுக்காரருக்குப் போய்விடுகிறது. மூன்றாவது வழியில் பங்கு போவதில்லை. உயிருக்கு ஆபத்து வருகிறது. காற்று எழும்பும்போது பெரிய நீர்த்தேக்கம் ஒரு சிறு கடலாக மாறிவிடும். ஒடிசாவில் மகாநதியின் குறுக்கே 1957 இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையின் நீர்ப்பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இத்தகைய பரப்பில், இருளில், நிலையற்ற மிதவையில் அமர்ந்து வலை எடுப்பவருக்குச் சறுக்கினால் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆதலால் சிறு படகு ஒன்றை வாங்குவது, உள்நாட்டு மீனவக் குடும்பத்தைப் பொறுத்தவரை, உழவருக்கு ஏர்மாடு வாங்குவதைப் போன்ற அடிப்படை முதலீடாகும்.

இம்முதலீட்டில் ஒரு பொதுவான தவறு நேருகிறது. கையில் இருக்கும் பணத்துக்கு எது கிடைக்குமோ அதுவே மலிவான படகு என்று கருதப்படுகிறது. ஆனால் விலை என்பது ஒருநாள் கொடுப்பது. செலவு என்பது ஆண்டுதோறும் கொடுப்பது. மலிவு என்பதை இரண்டாவதை வைத்தே கணிக்க வேண்டும்.

நீருக்கு ஏற்ற படகு

எந்தப் படகு நல்லது என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. நீரின் தன்மையே அதனை முடிவு செய்கிறது.

காவிரி, துங்கபத்திரை, கிருஷ்ணை ஆகிய ஆறுகளிலும் அவற்றின் அணைகளிலும் பரிசல் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திலும் மீனவர் பரிசலையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முன்னாளில் எருமைத் தோலால் போர்த்தினர். பின்னாளில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுவது வழக்கமாயிற்று. பரிசலை ஒருவரே தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். கோடையில் நீர் பின்வாங்கிக் கரை வெகுதூரம் நகரும்போது இது பெரும் வசதி. பாறையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். கிழிந்தால் கரையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் நேராகச் செலுத்துவது கடினம், காற்றில் சுழலும், அதிக வலைகளை ஏற்ற இடமில்லை, போர்வையை அடிக்கடி மாற்ற வேண்டும்.

வங்காளத்திலும் பீகாரிலும் அசாமிலும் ஆற்று வெள்ளம் விட்டுச்சென்ற வளைவு ஏரிகளில் பலகைத் தோணிகளே மிகுதி. கேரளத்தின் உள்நாட்டு நீர்களில் அயினி மரத்தாலான வள்ளங்கள் பெயர்பெற்றவை. மணிப்பூரின் லோக்தக் ஏரியில் ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களைக் காணலாம். மரப்படகு கனமானது, ஆதலால் நீரில் நிலைத்து நிற்கும். உள்ளூர்த் தச்சரே கட்டவும் பழுதுபார்க்கவும் முடியும். கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழு நன்னீரில் இல்லை என்பது நன்னீர் மீனவருக்கு ஒரு நன்மை. எனினும், நனைந்தும் காய்ந்தும் வரும் நீர்மட்டக் கோட்டில் மரம் உளுத்துப்போகும். கரையில் கிடக்கும்போது கறையான் பிடிக்கும். நல்ல மரத்தின் விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. மலிவான ரப்பர் மரத்தைப் பாதுகாப்பு மருந்தில் ஊறவைத்து, மேலே கண்ணாடி நாரிழை பூசிப் படகு கட்டும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது இச்சிக்கலை மனத்திற்கொண்டேயாகும்.

மூன்றாவது வகை, மக்கள் வழக்கில் ஃபைபர் படகு எனப்படும் கண்ணாடி நாரிழைப் படகு. இது எடை குறைந்தது, உளுத்துப்போகாது, நீரை உறிஞ்சாது, முறையாகச் செய்யப்பட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். இதன் குறை, முதலில் கொடுக்க வேண்டிய தொகை அதிகம் என்பதே. அத்துடன், அணை கட்டப்பட்டபோது வெட்டாமல் விடப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் நீருக்குள் மறைந்திருக்கும் தேக்கங்களில், இப்படகின் அடிப்பகுதி கிழிபடக்கூடும். கிழிந்த இடத்தைச் சரிசெய்யப் பிசினும் நாரிழை விரிப்பும் அவற்றைப் பூசத் தெரிந்த கையும் வேண்டும்.

இருவர் அமர்ந்து செவுள் வலை இடும் தொழிலுக்கு நீண்ட படகு தேவையில்லை. தட்டையான அடியும் போதிய அகலமும் கொண்டதாய், இருவர் சேர்ந்து கரையேற்றக்கூடிய எடையுள்ளதாய், சுமை ஏற்றியபின் விளிம்பு நீரிலிருந்து போதிய உயரம் நிற்பதாய் இருந்தால் போதும். தேவைக்கு மேற்பட்ட நீளமும் பொறியும் வருவாயைக் கூட்டுவதற்கு முன் கடனைக் கூட்டிவிடும்.

ஆண்டுச் செலவைக் கணிக்கும் முறை

இனி கணக்குக்கு வருவோம். கீழ்வரும் எண்கள் எந்த ஊரின் சந்தை விலையும் அல்ல. கணிக்கும் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் விலையை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பரிசலின் விலை 18,000 ரூபாய், ஆயுள் 3 ஆண்டு, ஆண்டுப் பழுதுச்செலவு 2,000 ரூபாய் என்க. மரப்படகின் விலை 60,000 ரூபாய், ஆயுள் 10 ஆண்டு, பழுதுச்செலவு 5,000 ரூபாய். ஃபைபர் படகின் விலை 75,000 ரூபாய், ஆயுள் 15 ஆண்டு, பழுதுச்செலவு 1,500 ரூபாய்.

விலையை ஆயுளால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் கிடைக்கும். பரிசலுக்கு 6,000, மரப்படகுக்கு 6,000, ஃபைபர் படகுக்கு 5,000 ரூபாய். இத்துடன் பழுதுச்செலவைக் கூட்டினால் முறையே 8,000, 11,000, 6,500 ரூபாய் ஆகிறது. இதுவரையில், விலை மிகுந்த படகே செலவு குறைந்த படகாகத் தோன்றுகிறது.

ஆனால் முடங்கிய பணத்துக்கு வட்டி உண்டு. படகின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துவருவதால், சராசரியாக விலையில் பாதித் தொகை முடங்கியிருப்பதாகக் கொள்வது எளிய வழக்கம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி எனில், பரிசலுக்கு 900, மரப்படகுக்கு 3,000, ஃபைபர் படகுக்கு 3,750 ரூபாய் சேரும். மொத்த ஆண்டுச்செலவு 8,900, 14,000, 10,250 ரூபாய் என்றாகிறது. இப்போது பரிசல் முந்திக்கொள்கிறது. எனினும் பரிசலுக்கும் ஃபைபர் படகுக்கும் உள்ள வேறுபாடு 1,350 ரூபாய் மட்டுமே. ஆண்டில் 200 நாள் தொழில் நடந்தால், நாளொன்றுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. கூடுதலாக இரண்டு வலைகளை ஏற்றி, சற்று ஆழமான பகுதிக்குச் சென்றுவர முடிந்தால், ஒரு சிறு மீனே அவ்வேறுபாட்டை ஈடுசெய்துவிடும்.

இதே மீனவர் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும்? ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. பரிசலின் ஆண்டுச்செலவு 11,240 ரூபாயாகவும், மரப்படகின் செலவு 21,800 ரூபாயாகவும், ஃபைபர் படகின் செலவு 20,000 ரூபாயாகவும் உயர்கிறது. பரிசலுக்கும் ஃபைபர் படகுக்கும் இடையே நாளொன்றுக்கு ஏழு ரூபாயாக இருந்த இடைவெளி 44 ரூபாயாக விரிகிறது. படகு அதுவே, நீரும் அதுவே, மாறியது வட்டி மட்டும். ஏழை மீனவர் குறைந்த விலைப் படகைத் தேர்வது அறியாமையால் அன்று. அவருக்குக் கிடைக்கும் கடனின் வட்டியில் அதுவே அவருக்கு அறிவார்ந்த தேர்வு. எது மலிவான படகு என்பதைப் படகு கட்டும் பட்டறையை விடக் கடன் தருபவரே முடிவு செய்கிறார்.

முன்பணத்தின் மறைமுக விலை

வட்டிக்கடைக்காரரை விடவும் பரவலாக உதவுபவர் மீன் வியாபாரி. வங்காளத்திலும் ஒடிசாவிலும் 'தாதன்' என்று அழைக்கப்படும் முன்பண முறை, வேறு பெயர்களில் பல மாநிலங்களிலும் உண்டு. படகும் வலையும் வாங்க வியாபாரி பணம் தருகிறார். வட்டி கேட்பதில்லை. அதற்கு ஈடாக, பிடிக்கும் மீன் முழுவதையும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கு, மீனவர் கொடுத்தாக வேண்டும்.

இதன் உண்மை விலையையும் கணக்கிடலாம். நாளொன்றுக்கு 8 கிலோ வீதம் 200 நாளில் 1,600 கிலோ மீன் கிடைப்பதாகக் கொள்வோம். சந்தை விலையைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வியாபாரி எடுத்துக்கொண்டால், ஆண்டு இழப்பு 16,000 ரூபாய். அவர் தந்த முன்பணம் 40,000 ரூபாய் எனில், இது ஆண்டுக்கு 40 விழுக்காடு வட்டிக்குச் சமம். ஐந்தாண்டில் இவ்வாறு கைவிட்டுப் போவது 80,000 ரூபாய்; மேற்கண்ட கணக்கில் ஒரு புதிய ஃபைபர் படகின் விலையைவிட அதிகம். அதற்குப் பின்னும் அசல் 40,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. படகு தேய்ந்தபின் அடுத்த படகுக்கும் அவரிடமே செல்ல வேண்டியிருக்கும்.

வியாபாரியை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. நோய்க்கும் திருமணத்துக்கும் மழைக்கால வறுமைக்கும் நள்ளிரவிலும் பணம் தருபவர் அவரே. எந்த ஆவணமும் கேட்காமல் தருபவரும் அவரே. இவ்விடத்தை வங்கியும் சங்கமும் நிரப்பாதவரை, தாதனைத் தடைசெய்வதால் மட்டும் பயன் விளையாது.

மானியமும் வங்கிக் கடனும்

2020 மே மாதத்தில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி மீன்வளத் திட்டம், 20,050 கோடி ரூபாய் முதலீட்டு மதிப்பில் 2020-21 முதல் ஐந்தாண்டுக் காலத்துக்கு வகுக்கப்பட்டு, பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இத்திட்டத்தில் தனிப் பயனாளிகளுக்குரிய இனங்களில் அலகுச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானிய உதவி என வரையறுக்கப்பட்டது. பாரம்பரிய மீனவரின் பழைய படகுகளுக்கு மாற்றுப் படகும் வலையும் வழங்குவதும் இதன் இனங்களுள் ஒன்றாகும்.

மேற்கண்ட கணக்கில் ஃபைபர் படகுக்கு 40 விழுக்காடு மானியம் கிடைத்தால், மீனவரின் சொந்தப் பொறுப்பு 45,000 ரூபாயாகக் குறைகிறது. 10 விழுக்காடு வட்டியில் அவருடைய ஆண்டுச்செலவு 6,750 ரூபாய். 60 விழுக்காடு மானியத்தில் 5,000 ரூபாய். பரிசலின் 8,900 ரூபாயைவிட இரண்டும் குறைவு. மானியத்தின் பொருளியல் நியாயம் இங்கேதான் உள்ளது. நீண்ட நாள் உழைக்கும் பாதுகாப்பான படகை ஏழையின் எட்டுக்குள் அது கொண்டுவருகிறது.

ஆனால் இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, மானியம் பின்னர் வந்து சேரும் இடங்களில், முழுத் தொகையையும் முதலில் புரட்ட வேண்டியவர் மீனவரே. அந்த இடைக்காலத்துக்கு மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினால், தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மானியத்தின் ஒரு துண்டைத் தின்றுவிடும். 30,000 ரூபாய் மானியம் பத்து மாதம் தாமதித்தால், அத்தொகைக்கான வட்டி மட்டும் 9,000 ரூபாய். இரண்டாவது, மானியம் ஒருமுறையே கிடைக்கும். 15 ஆண்டு கழித்து அடுத்த படகை முழு விலைக்கு வாங்க வேண்டியிருக்கலாம். ஆகவே தேய்மான நிதியை மானியம் கழித்த விலையில் அன்றி, முழு விலையில் கணித்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் வீதம் ஒதுக்குவதே விவேகம்.

மூன்றாவது, கடன் தவணையும் படகின் ஆயுளும் ஒன்றல்ல. 45,000 ரூபாயை ஐந்தாண்டில் திருப்பித் தர வேண்டுமெனில், முதல் ஆண்டில் அசல் 9,000 ரூபாயும் வட்டி 4,500 ரூபாயுமாக 13,500 ரூபாய் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் மீன் இனப்பெருக்கத்துக்காகப் பல மாநிலங்களில் ஏறத்தாழ இரண்டு மாதம் மீன்பிடித் தடை உள்ளது. வருவாயற்ற அம்மாதங்களிலும் தவணை கேட்டால் நேர்மையானவரும் தவறிவிடுவார். எஞ்சிய பத்து மாதங்களுக்குப் பிரித்தால் மாதத் தவணை 1,350 ரூபாய். அதைச் செலுத்த இயலும். தவணை அட்டவணை நாட்காட்டியைப் பார்த்து அமையாமல் நீரைப் பார்த்து அமைய வேண்டும்.

உழவர் கடன் அட்டை வசதி 2018-19 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மீனவருக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கான நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. மீன்வளத் தொழிலுக்கு 2 இலட்சம் ரூபாய் வரையிலான குறுகியகாலக் கடன் 7 விழுக்காடு வட்டியில் கிடைக்கவும், குறித்த காலத்தில் செலுத்துவோருக்கு மேலும் 3 விழுக்காடு குறைந்து 4 விழுக்காடாக அமையவும் வழி செய்யப்பட்டது. இது நடைமுறை மூலதனத்துக்கான கடன். படகு வாங்குவதற்குரிய தவணைக் கடன் வேறு. ஆயினும் வலை, கயிறு, பனிக்கட்டி, பழுது ஆகியவற்றுக்கு இவ்வசதியைப் பயன்படுத்துபவர், அவற்றுக்காக வியாபாரியிடம் கைநீட்ட வேண்டியதில்லை. படகுக் கடன் வங்கியிலும் வலைக்கடன் வியாபாரியிடமும் இருந்தால், மீன் வியாபாரிக்கே போகும். வங்கித் தவணை நிலுவையில் நிற்கும்.

நீரின் மீது உரிமை

படகு வாங்கிவிட்டால் மட்டும் மீன் பிடித்துவிட முடியாது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி, ஆட்சிக்கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடித்தல் மத்தியப் பட்டியலிலும், ஏனைய மீன்வளம் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. ஆகவே நீர்த்தேக்கத்தின் மீன்பிடி உரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. சில இடங்களில் தனி மீனவருக்கு உரிமம். சில இடங்களில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகை. சில இடங்களில் ஏலம்.

படகின் ஆயுள் 15 ஆண்டு. குத்தகையின் ஆயுள் பெரும்பாலும் அதனினும் மிகக் குறைவு. இடையில் உரிமை கைமாறினால், படகு கரையில் கிடக்கும். கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் தவா அணையின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. அணையால் இடம்பெயர்ந்த பழங்குடி மக்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு, அந்நீர்த்தேக்கத்தின் மீன்பிடி உரிமை 1996 இல் ஐந்தாண்டுக்கு வழங்கப்பட்டது. நிலத்தை இழந்தவர்கள் அதே நிலத்தை மூடிய நீரில் பிழைக்க வழி பெற்றனர். 2001 இல் நீட்டிக்கப்பட்ட அவ்வுரிமை 2006 இறுதியில் முடிவுக்கு வந்தது. நிர்வாகக் காரணங்கள் எவ்வாறாயினும், கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மீனவரின் முதலீட்டுக்கு அரசு மானியம் தருமானால், அம்முதலீடு பலன் தரும் காலமளவுக்கேனும் நீரில் அவருக்கு உறுதியான இடம் தருவதும் அவசியம். படகுக்கு மானியமும் நீருக்கு ஏலமும் ஒன்றையொன்று முறியடிக்கக்கூடியவை.

சங்கத்தின் பங்கு

தனி ஒருவரால் இயலாததைச் சங்கம் செய்ய முடியும். இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின் பக்ரா அணையால் உருவான கோவிந்த் சாகரில், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராகி, மீனைச் சங்கத்தின் இறக்குதுறையில் எடைபோட்டு ஒப்படைக்கும் முறை நெடுங்காலமாக நிலவுகிறது. எடை சங்கத்தின் ஏட்டில் பதிவாகிறது. இவ்வாறு பதிவாகும் ஏடு, வங்கிக்கு எந்தப் பிணையத்தையும்விடச் சிறந்த சான்றாக அமையும். ஓர் உறுப்பினர் ஆண்டில் எத்தனை நாள், எவ்வளவு மீன் கொணர்ந்தார் என்பது தெரிந்தால், அவரால் எவ்வளவு தவணை செலுத்த முடியும் என்பதும் தெரியும்.

சங்கம் மேலும் மூன்று பணிகளை ஏற்கலாம். இருபது உறுப்பினருக்கு இருபது படகை ஒரே அளவில் மொத்தமாகச் செய்விக்கலாம். விலையும் குறையும், தரத்தையும் ஒருமுறை சோதித்தால் போதும். ஊர் இளைஞர் ஒருவருக்கு நாரிழைப் பழுது பார்க்கும் பயிற்சி அளித்து, பிசினையும் விரிப்பையும் இருப்பில் வைக்கலாம். கிலோவுக்கு ஒரு சிறு தொகையைப் பிடித்து வங்கியில் செலுத்தலாம். மீன் வந்தால் தவணை. மீன் இல்லையேல் தவணையும் இல்லை.

வாங்குமுன் காண வேண்டியவை

படகு வாங்கச் செல்பவர் வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. மரப்படகாயின் வைரம் பாய்ந்த, நன்கு உலர்ந்த பலகையா என்று பார்க்க வேண்டும். ஓரத்து வெள்ளை மரம் விரைவில் உளுக்கும். ஆணி துருப்பிடிக்காததாய் இருத்தல் வேண்டும். பலகை இணைப்புகளில் பஞ்சும் பிசினும் இடைவெளியின்றி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபைபர் படகாயின் உட்புறத்தில் பிசின் படாத வறண்ட நார்த் திட்டுகள் உள்ளனவா என்று தடவிப் பார்க்கலாம். எங்கும் தட்டிப் பார்த்து, ஓசை வெறுமையாய் ஒலிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். அங்கே அடுக்குகள் ஒட்டாமல் நிற்கக்கூடும். அடிப்பகுதியும் விளிம்பும் ஏனைய பகுதிகளைவிடத் தடிப்பாக இருப்பது நல்லது.

இறுதிச் சோதனை நீரிலேயே நடக்க வேண்டும். இருவரும் வலையும் ஏறியபின் விளிம்பு எவ்வளவு உயரம் நிற்கிறது? இருவரும் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு எவ்வளவு சாய்கிறது? ஆழமற்ற இடத்தில் படகு நிறைய நீரை ஊற்றினால், மூழ்கிப்போகிறதா, மிதந்து நிற்கிறதா? முன்னும் பின்னும் காற்றறையோ மிதவை நுரையோ அடைக்கப்பட்ட படகு, நீர் நிறைந்தாலும் மிதக்கும். கவிழ்ந்தவர் அதைப் பற்றிக்கொண்டு உதவி வரும்வரை காத்திருக்கலாம். பழைய படகாயின், முன்னவர் பெயரிலுள்ள கடனும் முன்பணமும் தீர்ந்தனவா என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

படகின் விலையோடு துடுப்பு, நங்கூரம், கயிறு, மிதவை அங்கி ஆகியவற்றின் விலையும் சேர்த்துக் கடன் கேட்பது நலம். பின்னால் வாங்கலாம் என்று விடப்படும் மிதவை அங்கி பெரும்பாலும் வாங்கப்படுவதே இல்லை. பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 இலட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 இலட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. இவ்வகைக் காப்பீட்டில் பெயர் சேர்ப்பதும் படகு வாங்கும் நாளிலேயே முடிக்கத்தக்க பணியாகும்.

முடிவாக

ஒரு சிறு படகின் மலிவை அதன் விலைச்சீட்டு காட்டாது. அது எத்தனை ஆண்டு உழைக்கும், எந்த வட்டிக்கு வாங்கப்பட்டது, அதில் வரும் மீனுக்கு விலை சொல்பவர் யார், நீரில் மீனவருக்குள்ள உரிமை எத்தனை காலம் நீடிக்கும் ஆகிய நான்கும் சேர்ந்தே அதனைக் காட்டும். இவற்றுள் முதலாவது மட்டுமே படகு கட்டுபவரின் கையில் உள்ளது. மற்ற மூன்றும் வங்கி, சங்கம், அரசு ஆகியவற்றின் பொறுப்பு.

விடியற்காலையில் வலை எடுத்துத் திரும்பும் மீனவர், கரையில் காத்திருக்கும் கடன்காரரை நோக்கித் துடுப்புப் போடுகிறாரா, அல்லது தராசும் ஏடும் உள்ள தம் சங்கத்தின் துறையை நோக்கித் துடுப்புப் போடுகிறாரா என்பதே, அந்தப் படகு மலிவானதா அன்றா என்பதற்குச் சரியான சோதனையாகும்.